"போன வருஷமும் அதைத்தானே சொன்னீங்க, அம்மா?"

கேள்வி:

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 16 வயதில் ஒரு மகனும் 13 வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். என் அப்பா எங்களோடுதான் இருந்தார். மகனுக்கு அவர்தான் எல்லாம். போன வருடம் கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு அவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. தினமும் இரவு குடும்பமாக முழங்காலில் நின்று ஜெபித்தோம். சபையார் பலர் வந்து ஜெபித்து, "விசுவாசத்தோடு இருங்கள், ஐயா நிச்சயம் எழும்புவார்" என்றார்கள். நானும் பிள்ளைகளிடம் அதையே சொன்னேன். ஏப்ரலில் அப்பா போய்விட்டார்.

அதன்பிறகு மகன் ஆலயத்துக்கு வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டான். பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவன், இப்போது அதைத் தொடுவதே இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் வரமாட்டேன் என்கிறான். "இது நம்பிக்கையின் பண்டிகைப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். "போன வருஷமும் அதைத்தானே சொன்னீங்க, அம்மா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டான். எனக்குப் பதில் வரவில்லை. "விட்டால் இதுவே பழகிவிடும், இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்" என்கிறார் கணவர். மகளால் எந்தத் தொந்தரவும் இல்லை. அண்ணனுக்கும் சேர்த்து அவளே எல்லாவற்றிலும் கலந்துகொள்கிறாள். மகனைக் கட்டாயப்படுத்தலாமா? அவனுக்கு எப்படி நம்பிக்கையைத் திருப்பிக் கொடுப்பது? ஒரு தாயாக நான் எங்கே தவறினேன்?

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் மகன் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் கணக்குக் கேட்கிறான். போன கிறிஸ்துமஸில் வீட்டில் அவனுக்கு ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டது. அதை நம்பி நான்கு மாதம் முழங்காலில் நின்றான். வாக்கு நிறைவேறவில்லை. அதைப் பற்றி இதுவரை யாரும் அவனிடம் வாய் திறக்கவும் இல்லை. இப்போது அதே மாதத்தில், அதே சொல்லை, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி சொன்னால் அவன் வேறு என்ன கேட்பான்?

20 ஆண்டுகளுக்கு மேலாக வளரிளம் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் பேசிவருகிறேன். நானும் ஒரு விசுவாசி. அவன் நம்பிக்கையை இழந்துவிட்டான் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துக்கத்தை இறக்கிவைக்க இடம் கிடைக்காத பிள்ளையாகத்தான் அவன் எனக்குத் தெரிகிறான். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அப்பா இறந்தபின் வீட்டில் யாராவது அழுதீர்களா, அவரைப் பற்றிப் பேசினீர்களா என்று ஒரு வரிகூட அதில் இல்லை. "போய்விட்டார்" என்ற சொல்லோடு அவர் கதை முடிந்து, அடுத்த வரியே ஆலயத்துக்கும் கிட்டாருக்கும் தாவிவிடுகிறது. வீட்டிலும் அப்படியே நடந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

விசுவாசக் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதை, துக்கிக்கவே கூடாது என்று நாமாகவே சுருக்கிக்கொள்கிறோம். லாசருவை எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். நாம் அடக்கம் முடிந்த மறுவாரமே கண்ணைத் துடைத்துக்கொண்டு சாட்சி சொல்ல எழுந்துவிடுகிறோம். பெரியவர்கள் அதை எப்படியோ தாங்கிக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கு அது வேறு மாதிரி போய்ச் சேருகிறது: தாத்தாவுக்காக அழுதால் ஆண்டவரை நம்பவில்லை என்று அர்த்தம் போலிருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

நீதிமொழிகள் 25ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போலிருப்பான் என்கிறது. டிசம்பர் முழுதும் பாட்டாலேயே நிரம்பியிருக்கிற நாம் இந்த வசனத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். போன வருடம் தாத்தா கட்டிலில் கிடந்தபோது அதே பாட்டுகளுக்குத்தான் உங்கள் மகன் கிட்டார் வாசித்திருப்பான். இன்று அந்த முதல் வரி காதில் விழுந்தாலே அவனுக்கு எந்த அறை ஞாபகம் வரும் என்று நினைத்துப் பாருங்கள். கிட்டாரைத் தொடாமல் இருப்பது பிடிவாதமாக வெளியே தெரியலாம். போர்த்தியிருப்பதைப் பிடுங்கிவிடாதீர்கள் என்று கெஞ்சுவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அவன் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்பதை ஆராய்ந்த ழான் பியாஜே, ஏறக்குறைய 11, 12 வயதிலிருந்து கண்ணுக்கு முன் இல்லாதவற்றைப் பற்றியும் காரண காரியத்தோடு யோசிக்கும் ஆற்றல் வருகிறது என்று விளக்கினார். "இப்படியென்றால் அப்படி இருக்க வேண்டுமே" என்று பிள்ளை தானாகவே கோர்த்துப் பார்க்கத் தொடங்கும் பருவம் இது. எட்டு வயதில் "தாத்தா இயேசப்பாகிட்டப் போயிட்டாரு" என்றால் போதும். 16 வயதில் அந்தப் பதிலுக்குப் பின்னாலிருந்து மூன்று கேள்விகள் எழும்பும். அப்படியானால் ஏன் சுகமாவார் என்றீர்கள்? நம் ஜெபம் குறைவாகப் போய்விட்டதா? அல்லது என் விசுவாசம்தான் குறைவா? இந்த மூன்றாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்கிற பிள்ளைகள் மிகக் குறைவு. மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் அநேகர். தான் சரியாக ஜெபிக்காததால்தான் ஒருவர் இறந்துபோனார் என்று வருடக்கணக்காகத் தனியே சுமந்து திரிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகனுக்குள் அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருக்கக்கூடும் என்பதற்காகவாவது நீங்கள் அவனிடம் பேச வேண்டும்.

இனி கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அவன் துக்கத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தால்தான் இந்தப் பண்டிகைக்குள் நுழைய முடியும் என்று நீங்களும் நினைக்கிறீர்கள், அவனும் நினைக்கிறான். வேதத்தில் இருக்கிற கிறிஸ்துமஸ் அப்படிப்பட்டதாக இல்லை.

மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைச் சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்த இடத்தோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். நாடகங்களும் அங்கேயே திரை போட்டுவிடும். ஒரு பத்து வசனம் தாண்டிப் படியுங்கள். யோசேப்பு ராத்திரியில் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். பெத்லகேமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண்பிள்ளைகளை ஏரோது கொல்லுகிறான். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது "ஆறுதலடையாதிருக்கிறாள்" என்று மத்தேயு எழுதுகிறார். அது எரேமியா தீர்க்கதரிசியின் வார்த்தை. எரேமியாவின் புத்தகத்தில் அதற்கு அடுத்த வசனத்திலேயே ஆறுதல் வந்துவிடுகிறது. மத்தேயு அதை எடுத்து எழுதவில்லை. அழுகையோடு நிறுத்திக்கொள்கிறார். ஒரு சுவிசேஷகரே, ரட்சகர் பிறந்த கதைக்கு நடுவில், ஆறுதலடைய மறுக்கிற தாய்க்கு இடம் விட்டு வைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் ஆறுதலடைய மறுக்கிற 16 வயதுப் பிள்ளைக்கு இடம் இல்லாமல் போகலாமா?

லூக்கா இரண்டாம் அதிகாரமும் அப்படித்தான். மேய்ப்பர்கள் வரைதான் நமக்கு மனப்பாடம். அதே அதிகாரத்தில், குழந்தையைக் கையில் ஏந்தி ஆசீர்வதித்த சிமியோன் அந்த இளம் தாயைப் பார்த்து, உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும் என்கிறார். அந்த அதிகாரத்தின் கடைசிப் பகுதி உங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. இயேசுவின் வளரிளம் பருவத்தைப் பற்றி நான்கு சுவிசேஷங்களிலும் இருக்கிற ஒரே சம்பவம் அது. 12 வயதுப் பிள்ளை பெற்றோரிடம் சொல்லாமல் எருசலேமிலேயே தங்கிவிடுகிறார். அவர்கள் ஒருநாள் பயணம் வந்தபிறகு கவனித்து, திரும்பிப் போய், மூன்று நாளைக்குப் பிறகு தேவாலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். "மகனே! ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்? இதோ, உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே" என்கிறாள் மரியாள். அவர் ஒரு பதில் சொல்லுகிறார். அந்தப் பதில் பெற்றோருக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதிவைக்கிறார். விளங்காததை மரியாள் என்ன செய்தாள்? "இந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்துக்கொண்டாள்."

பிள்ளை சொல்லுவது விளங்காவிட்டாலும் அதை உதறிவிடாமல், உடனே திருத்தப் பார்க்காமல் உள்ளே வைத்துக்கொள்வது. "போன வருஷமும் அதைத்தானே சொன்னீங்க" என்ற வார்த்தையை நீங்கள் மறக்காமல் அப்படியே எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பதில் வரவில்லை என்று வருந்துகிறீர்கள். பதில் சொல்லாமல் அதை இருதயத்தில் வைத்துக்கொண்டது நல்லது என்கிறேன்.

"எப்படி நம்பிக்கையைத் திருப்பிக் கொடுப்பது" என்ற கேள்விக்கு முன்னால், எந்த நம்பிக்கை என்று நீங்களே தெளிய வேண்டும். நம் மொழியில் ஒரே சொல் பல பாரம் சுமக்கிறது. மழை வரும் என்பதும் நம்பிக்கை, இவர் ஏமாற்றமாட்டார் என்பதும் நம்பிக்கை. நம்பிக்கையைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்னைடர், அதை மூன்று பாகமாகப் பிரித்தார்: அடைய வேண்டிய ஓர் இலக்கு, அங்கே போகும் வழிகள், அந்த வழியில் நடக்க என்னால் முடியும் என்ற மனத்திடம். ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடுகிறவனே நம்பிக்கையுள்ளவன். பரீட்சையில் தோற்ற பிள்ளைகளோடும் நட்பு முறிந்த பிள்ளைகளோடும் பேசும்போது நான் தினமும் பயன்படுத்துகிற கருத்து இது. உண்மையான உதவி அதில் உண்டு. ஆனால் எல்லா வழியும் அடைபட்ட இடத்தில் அது நின்றுவிடும். இறந்துபோன தாத்தா விஷயத்தில் உங்கள் மகனுக்கு வேறு வழி ஏது?

கிறிஸ்தவ நம்பிக்கை அந்த இடத்தில்தான் பேசத் தொடங்குகிறது. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1943ஆம் ஆண்டு நவம்பரில் பெர்லினின் டேகல் சிறையில் இருந்தார். கிறிஸ்துவின் வருகைக்குக் காத்திருக்கும் ஆகமன காலத்துக்குச் சிறையறை நல்ல உவமை என்று அங்கிருந்து எழுதிய ஒரு கடிதத்தில் சொல்லுகிறார். உள்ளே இருப்பவன் காத்திருக்கிறான், எதையோ செய்துகொண்டிருக்கிறான், ஆனால் கதவு பூட்டியிருக்கிறது, அதை வெளியே இருந்துதான் திறக்க முடியும் என்பது அவர் கருத்து. அவருடைய அறைக்கதவு அவர் விரும்பியபடி திறக்கவில்லை. 1945 ஏப்ரல் 9ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். அதனால்தான் அவரை இங்கே சொல்லுகிறேன். நினைத்தது நடக்கும் என்ற உத்தரவாதம் இல்லாமலேயே ஒருவர் கதவைப் பார்த்துக் காத்திருந்தார். ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் கேட்பதும் இதுதான்: காணப்படுகிறதை நம்புவது நம்பிக்கையல்ல, தான் காண்கிறதை ஒருவன் நம்பவேண்டுவதென்ன?

அப்படியானால் முன்னணையில் கிடந்த குழந்தைக்கும் உங்கள் அப்பாவின் கல்லறைக்கும் என்ன சம்பந்தம்? எபிரெயர் இரண்டாம் அதிகாரம் அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டுகிறது. பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாயிருக்க, அவரும் அவர்களைப்போலவே ஆனார், தமது மரணத்தினாலே மரணத்துக்கு அதிகாரியை அழிக்கும்படிக்கு என்று அங்கே வாசிக்கிறோம். சாகக்கூடிய உடம்போடு தேவன் வந்தார் என்பதுதான் கிறிஸ்துமஸ் செய்தி. நோய்ப்படுகிற, வலிக்கிற, ஒருநாள் மூச்சு நிற்கிற உடம்பு. கட்டிலில் உங்கள் அப்பா எதை அனுபவித்தாரோ அதற்கு வெளியே நின்று அனுதாபப்படுகிற கடவுளை நாம் ஆராதிக்கவில்லை. அவர் அதற்குள்ளே வந்தார், சாவுக்குள்ளும் போனார், மூன்றாம் நாள் அங்கிருந்து எழுந்தார். உங்கள் அப்பாவுக்கான நம்பிக்கை அந்த எழுந்திருத்தலின்மேல் நிற்கிறது. "ஐயா நிச்சயம் எழும்புவார்" என்று சபையார் சொன்னதில் நாளைத்தான் தப்பாகச் சொன்னார்கள் என்று நான் விசுவாசிக்கிறேன். ஆனால் இதை மகனிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடாதீர்கள். இன்றைக்கு அது அவனுக்கு இன்னொரு பாட்டாகத்தான் கேட்கும். இது முதலில் உங்களுக்கு.

அவனிடம் முதலில் சொல்ல வேண்டியது மன்னிப்பு. எதிரெதிரே உட்காரவைத்து வேண்டாம், விசாரணை மாதிரி ஆகிவிடும். இருவரும் ஒரு வேலையாக இருக்கும்போது, நடந்துபோகும்போது, விளக்கணைத்த பிறகு அவன் கட்டிலோரம் உட்கார்ந்து சொல்லலாம். உங்கள் பேச்சில் ஏறக்குறைய இப்படி:

"தம்பி, தாத்தா கண்டிப்பா எழும்பிடுவார்னு போன வருஷம் உன்கிட்ட சொன்னேன். அப்படி ஒரு வாக்கு ஆண்டவர் எனக்குக் கொடுக்கல. எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் அப்படிச் சொன்னேன். உன்னையும் நம்ப வச்சிட்டேன். மன்னிச்சிடுப்பா. நம்ம ஜெபம் குறைஞ்சுபோச்சுன்னோ, உன் விசுவாசம் குறைஞ்சுபோச்சுன்னோ ஒருநாளும் நினைச்சிடாத. எனக்கும் அப்பாவைத் தேடுது."

இதோடு நிறுத்திவிடுங்கள். வசனம் வேண்டாம். "அதனால நீ ஆலயத்துக்கு வா" என்று முடிக்கவே வேண்டாம். அப்படி முடித்தால் மன்னிப்பு முழுவதும் ஒரு தந்திரமாகிவிடும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதை மோப்பம் பிடிக்க அரை நிமிடம் போதும்.

அவன் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். வெடிக்கவும் செய்யலாம். "கடவுளே இல்லன்னு தோணுது" என்று வந்தாலும் பதறாதீர்கள். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்டது நம் ஆராதனைப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. 88ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் முடிகிறது. அதையும் எடுத்துப்போடாமல் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். தேவனிடம் கோபப்படுகிறவன் இன்னும் அவரோடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லை என்பது என் அனுபவம். "சொல்லுப்பா, கேட்கிறேன்" என்பதற்கு மேல் அந்த நேரத்தில் நீங்கள் பேச வேண்டியதில்லை.

கட்டாயப்படுத்தலாமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் தீர்மானமான பதில். 16 வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் உட்காரவைக்கலாம். பாட்டு முடியும்வரை அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான், அந்த ஒரு மணி நேரத்தில் ஆலயம் என்பது தன் துக்கத்தை மதிக்காத இடம் என்று அவனுக்கு உறுதியாகிவிடும். ஆனால் "வராவிட்டால் போ" என்று விட்டுவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. அது அவனைத் தனியாக வீட்டில் வைத்துவிட்டுப் பண்டிகைக்குப் போவதாகும். அவனிடமே கேளுங்கள். கூட்டம் குறைவாக இருக்கிற ஆராதனைக்கு வருகிறாயா? கடைசி வரிசையில் உட்கார்ந்து, தாங்கமுடியாதபோது எழுந்து வெளியே போய்விடலாம் என்றால் வருகிறாயா? அதுவும் வேண்டாம் என்றால், உங்களில் ஒருவர் அன்று அவனோடு வீட்டில் இருங்கள். அவனைத் திருத்துவதற்காக அல்லாமல், கூட இருப்பதற்காகவே இருங்கள். பாடகர் குழுவில் அவன் இடத்தைப் பற்றிப் பொறுப்பாளரிடம் நீங்களே பேசி, "இந்த வருடம் அவன் ஓய்வில் இருக்கிறான்" என்று சொல்லிவிடுங்கள். ஆளாளுக்கு அவனிடம் ஏன் வரவில்லை என்று கேட்காமல் இருக்க அது உதவும்.

வீட்டில் ஒரு சின்னக் காரியம் செய்யலாம். ஆகமன கால வளையத்தை நீங்கள் ஆலயத்தில் பார்த்திருப்பீர்கள். 1839இல் ஹாம்பர்க் நகரத்தருகே ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்த யோஹான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர் செய்தது அது. கிறிஸ்துமஸ் எப்போது வரும், இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்கள். அவர் ஒரு பழைய வண்டிச்சக்கரத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரிய மெழுகுவர்த்திகளும் மற்ற நாட்களுக்குச் சிறியவைகளுமாக வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். பெற்றோரை இழந்தும் பிரிந்தும் வந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் எல்லா விளக்கையும் ஒரேயடியாக ஏற்றிக் கொண்டாட்டம் காட்டாமல், இருட்டில் ஒரு சுடரை மட்டும் ஏற்றி, மற்றவை இன்னும் எரியவில்லை என்பதையும் மறைக்காமல் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உங்கள் வீட்டில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி போதும். இரவு ஒரு ஐந்து நிமிடம். வழக்கமான குடும்ப ஜெபத்தைப்போல் நீட்ட வேண்டாம். தாத்தாவைப் பற்றி ஒவ்வொருவரும் ஞாபகம் வருகிற ஒன்றைச் சொல்லுங்கள், நல்லதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. ஆஸ்பத்திரியில் அவர் எரிந்துவிழுந்த நாளைக்கூடச் சொல்லலாம். சொல்ல விரும்பாதவர் சும்மா உட்காரலாம். முதலில் நீங்கள் சொல்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். பிள்ளைகள் நீங்கள் அழுவதைப் பார்க்க வேண்டும், அழுத பிறகு எழுந்து அடுத்த வேலையைச் செய்வதையும் பார்க்க வேண்டும். நம்பிக்கையைப் பற்றி நீங்கள் சொல்லுகிற பத்துப் பேச்சைவிட அது அவர்களுக்குப் புரியும். சில நாள் கழித்து, அவனே கேட்டால், நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். எபிரெயரை அன்றைக்குத் திறக்கலாம்.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவளைப் பற்றித்தான் அதிகக் கவலை. 13 வயதுப் பிள்ளை, அதே தாத்தாவை இழந்தவள், அதே ஜெபத்தில் முழங்காலிட்டவள், "எந்தத் தொந்தரவும் இல்லை" என்ற பெயரோடு வீட்டைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறாள். அண்ணன் அம்மாவை அழவைக்கிறான், நானாவது சிரிக்க வேண்டும் என்று அவள் முடிவெடுத்திருக்கலாம். இப்படிப்பட்ட பிள்ளைகளை யாரும் என்னிடம் அழைத்து வருவதில்லை. பல வருடங்கள் கழித்து அவர்களே வருகிறார்கள். அவளையும் தனியாகக் கூப்பிட்டு, "நீ அண்ணனுக்கும் சேர்த்துச் சந்தோஷமா இருக்க வேண்டியதில்லம்மா" என்று சொல்லுங்கள். எல்லாவற்றிலும் கலந்துகொள்கிறாளே, அதில் எது அவளுக்கே பிடித்தது என்று கேட்டு, மீதியிலிருந்து அவளை விடுவித்துவிடுங்கள்.

கணவரிடம் கோபப்படாதீர்கள். இழுத்துக்கொண்டு போகலாம் என்கிறவர் பயந்திருக்கிறார். இந்தக் கடிதத்தை அவரும் படிக்கட்டும்.

இன்னொன்றை நான் சொல்லாமல் விடக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலப் பாதிப்பு இருக்கிறது. எல்லாச் சோர்வையும் விசுவாசக் குறைவு என்று எண்ணி ஜெபத்தோடு நிறுத்திவிடுவது ஆபத்து. இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட எரிச்சலாக வருவதுண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறானா, தூக்கமோ சாப்பாடோ வெகுவாக மாறிவிட்டதா, நண்பர்களையும் விட்டு ஒதுங்குகிறானா, படிப்பு சரிந்துவிட்டதா, தன்னால் யாருக்கும் பயனில்லை என்பதுபோல் பேசுகிறானா என்று கவனியுங்கள். கிட்டாரை மட்டும் விட்டு மற்றதெல்லாம் வழக்கம்போல் இருந்தால் அது வேறு. எல்லாவற்றையுமே விட்டிருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே அவனிடம் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், ஒருவர் கேட்டது அவனுக்குப் பெரிய ஆசுவாசமாக இருக்கும். ஆம் என்று சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், அதுவரை அவனைத் தனியே விடக்கூடாது, மாத்திரைகளும் கூரான பொருட்களும் அவன் கைக்கு எட்டக்கூடாது. மருத்துவரிடம் போனது சபைக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற யோசனைக்கு அங்கே இடமே இல்லை.

எங்கே தவறினேன் என்று கேட்டீர்கள். பிள்ளைக்குச் சுகம் தேடி இயேசுவிடம் வந்த ஒரு தகப்பன் மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறான். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிடுகிறான். இரண்டும் ஒரே வாக்கியத்தில். அவனை இயேசு கடிந்து அனுப்பவில்லை. நீங்களும் அப்படி இரண்டையும் சேர்த்தே சொல்லி ஜெபிக்கலாம். பிள்ளைகள் காதில் விழுந்தாலும் பரவாயில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனைக்குக் கிளம்பும்போது மகனின் அறைக்கதவைத் தட்டி, "போயிட்டு வரோம், உனக்கும் தாத்தாவுக்கும் சேர்த்து உட்கார்ந்துட்டு வரேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அவன் கூடவே கிளம்பி வந்தால் ஆச்சரியம் காட்டாதீர்கள், ஓர் இடம் விட்டு உட்காருங்கள். வராவிட்டால், திரும்பி வந்ததும் பிரசங்கத்தைச் சொல்லாமல் அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிட உட்காரவைத்து, தாத்தாவின் பேச்சை எடுங்கள்.

ஜனவரியில் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். மகள் எப்படி இருக்கிறாள் என்பதை முதலில் எழுதுங்கள்.